கேள்வி - பதில்: அந்த இடது கை

கேள்வி: குத்துச்சண்டை என்றாலே முகமது அலிதானா? ஜோ ஃப்ரேஸியரை யாராவது நினைக்கிறார்களா?

பதில்: நான் நினைக்கிறேன், போதுமா? அலியின் அழகுக்குக் கைதட்டுவேன். ஓட்டு மட்டும் ஃப்ரேஸியருக்குத்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடது கைக் கட்டைவிரல் முறிந்த நிலையில் இறுதிப்போட்டியில் இறங்கித் தங்கம் வாங்கிய ஆள். சின்ன வயதில் பன்றி துரத்த, விழுந்து அடிபட்ட அந்தக் கை அப்புறம் முழுதாக நிமிரவே இல்லை. அதிலிருந்து வந்ததுதான் ஊரை மிரட்டிய லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து!

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அலியும் ஃப்ரேஸியரும் மோதிய ஆட்டத்தின் 15வது சுற்று. பழைய வீடியோவைப் பாருங்கள். தாடையில் ஒன்று விழுகிறது. அலி மல்லாந்து சாய்கிறார், ஷூவில் கட்டிய சிவப்புக் குஞ்சம் மேலே பறக்கிறது. உடனே எழுந்துவிட்டார், சரி. ஆனால் தீர்ப்பு ஃப்ரேஸியருக்கு.

1975 மணிலாவில் அலியுடன் மோதி 14 சுற்று முடிந்தபோது ஃப்ரேஸியருக்குக் கண் வீங்கி, எதிரில் வரும் குத்தே தெரியவில்லை. அப்போதும் எழப் பார்த்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச்தான் விடாமல் உட்காரவைத்து ஆட்டத்தை நிறுத்தினார்.

இப்படிப்பட்டவரை அலி ‘கொரில்லா’ என்று கேலி செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.