தோட்டம் கேள்வி – பதில்: கோனோஃபைட்டம் விதைக்க ஏற்ற பருவம்

கேள்வி: இணையத்தில் வாங்கிய கோனோஃபைட்டம் (கூழாங்கல் போன்ற சிறு சதைப்பற்றுச் செடி) விதைகளில் பாதியை, ஜூன் மாத இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் தூவி, மேலே ஒரு விரற்கடை மண்ணால் மூடினேன். பாசி படர்ந்ததே தவிர ஒன்றும் முளைக்கவில்லை. மீதி விதைகளை எப்போது, எப்படி விதைக்கலாம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: விதையின் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு, பருவமும் ஆழமுமே இடித்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலும் நமீபியாவின் தென்மேற்கிலும், பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டும் மழை காணும் பாறைச் சரிவுகளே இச்செடியின் தாயகம். அங்கே நனைந்தால்தான் காய் திறக்கும்; மழைத்துளி விழும் வேகத்தில் விதைகள் தெறித்து, பாறை இடுக்கில் மண்ணுக்குமேல் கிடந்தே முளைக்கும். கோடையில் உறங்கிக் குளிரில் விழிக்கும் இதற்கு, நம் ஜூன் மாதப் புழுக்கம் ஒவ்வாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் கணவாய்க் காற்று வீசத் தொடங்கும் டிசம்பர் முதல் வாரம் உங்கள் ஊருக்குப் பொருந்தும்.

தொழுவுரத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். பாசிக்கும் பூஞ்சைக்கும் அதுவே தீனி. எம் சாண்டைச் சலித்து, சிமென்டுபோல் இறுகிவிடும் பொடியை நீக்கிவிட்டு, மீந்த குறுமணலில் மூன்று பங்குக்குச் செம்மண் ஒரு பங்கு கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். தூள்போன்ற விதையைக் காகித மடிப்பிலிருந்து மேலாகத் தட்டிவிட்டால் போதும், மூட வேண்டாம். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டில் தேக்கி அதில் தொட்டியை வைத்து அடியிலிருந்து ஏறவிடுங்கள். கணவாய்க் காற்று மேல்மண்ணை விரைவில் உலர்த்திவிடும் என்பதால், முளைக்கும்வரை கண்ணாடித் துண்டால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பச்சைப் புள்ளிகளாக நாற்றுகள் தோன்றியதும் கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்குங்கள். புழுக்கத்தில் அடைபட்ட நாற்று ஓரிரவில் அழுகிவிடும்.

உண்மையான சோதனை மார்ச்சுக்குப் பிறகுதான். வளர்ந்த செடிக்குக் கோடையில் ஏறத்தாழ நீரே வேண்டாம். ஆனால் முதலாண்டு நாற்றின் உடலில் அவ்வளவு சேமிப்பு இராது. ஆகவே நிழலில் வைத்து, மாலை வேளைகளில் மண் மேலாக நனையும் அளவுக்கு அவ்வப்போது தெளியுங்கள். பாலக்காட்டு வெயிலில் சில நாற்றுகள் போகவே செய்யும் என்பதால், எல்லா விதையையும் ஒரே ஆண்டில் விதைக்காமல் ஒரு பகுதியை ஈரம் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

பிந்தைய கோடைகளில் செடி காய்ந்த காகிதம்போல் சுருங்கினால், இறந்துவிட்டதென எறிந்துவிடாதீர்கள், உரிக்கவும் வேண்டாம். பழைய இலைகள் அவ்வாறு உறையாகி, உள்ளே உருவாகும் புதிய உடலைக் காக்கின்றன. ஒன்று இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் சில ஆண்டுகளில் நீங்கள் விரும்பும் மெத்தை வடிவம் அமையும்.