மறியலில் இருக்கும் தம்பி உயர்தரம் எழுத முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பல்லேகலை சிறையில் தண்டனை அனுபவிக்கிறான். சாதாரண தரம் சித்தி. உயர்தரம் எழுதவும், மேலே படிக்கவும் ஆசைப்படுகிறான். கொப்பியில் கதைகளும் எழுதுகிறான். வீட்டிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்? – ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா

புத்தகம் வாங்க ஓடுவதற்கு முன், தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் தோட்டங்களில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி பெயர் எழுதியது எத்தனை பேருக்கு! ஒன்றில் சிவகுமார், மற்றதில் சிவக்குமார். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். திருத்தப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டிவரும். உள்ளே இருப்பவனால் அது முடியாது, நீங்கள்தான் நடக்க வேண்டும். பரீட்சைக்கு விண்ணப்பம் கோரிய பிறகு தொடங்கினால் காலம் போதாது. இந்த வாரமே பாருங்கள்.

அடுத்து, சிறையின் நலன்புரி உத்தியோகத்தர். பார்க்கப் போகும் நாளில் அவரையும் சந்திக்கக் கேளுங்கள். தம்பியும் உள்ளிருந்து எழுத்தில் கேட்கட்டும். விண்ணப்பம் சிறை நிர்வாகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கைதிகள் பரீட்சை எழுதுவது இந்த நாட்டில் புதிதல்ல, கூச்சப்படாமல் கேளுங்கள். வேறு சிறைக்கு மாற்றினால் அங்குள்ள உத்தியோகத்தரிடம் மறுபடி சொல்ல மறக்காதீர்கள்.

பாடத்தில் என் யோசனை கலைப் பிரிவுதான். ஆய்வுகூடம் தேவையில்லை, தமிழ், இந்து நாகரிகம், அரசியல் விஞ்ஞானம் போன்றவற்றைப் புத்தகமும் பழைய வினாத்தாளும் இருந்தால் தனியே படிக்கலாம்.

உயர்தரம் கைகூடாவிட்டாலும் வழி அடைபடாது. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், 18 வயது நிரம்பியவர்கள் அடிப்படைப் பாடநெறி முடித்துப் பட்டப்படிப்புக்குப் போகலாம். அதன் கண்டி நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. ஆனால் தொலைக்கல்வி என்றாலும் பரீட்சைக்கு நேரில் தோன்ற வேண்டும். சிறை அனுமதி கையில் வந்த பிறகே காசு கட்டுங்கள்.

கதைகள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. எழுதட்டும், நிறைய எழுதட்டும். சிறையிலிருந்து போகும் கடிதங்களை அதிகாரிகள் வாசிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்கட்டும். மேன்முறையீடு இருந்தால் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். கூட இருப்பவர்களின் உண்மைப் பெயரும் வேண்டாம். எழுதியதை ஒளித்து வெளியே அனுப்பினால் படிப்புக்குக் கிடைத்த அனுமதியும் போய்விடலாம். உத்தியோகத்தரிடம் காட்டி, அவர் கையாலேயே வாங்குங்கள். பக்க இலக்கம் போட்டு, வீட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தேறியதை வீரகேசரி, தினகரன் வாரப் பதிப்புகளுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

அடுத்த முறை போகும்போது கொப்பி கொண்டு போவீர்கள்தானே? தடித்த அட்டை சீ.ஆர். கொப்பியை உள்ளே விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.