வாசகர் கேள்வி – பதில்: பாரேசியின் ஒரு பெனால்டி

கேள்வி: 1994 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் பெனால்டிச் சுற்றில் முதல் பந்தையே கம்பத்துக்கு மேலே அடித்தவர் இத்தாலியின் பிராங்கோ பாரேசி. ஆள் உயரமும் இல்லை. அவரைத் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்பது ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்தப் பந்துக்கு முந்தைய 120 நிமிடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூன் 23 அன்று நார்வேயுடனான ஆட்டத்தில் முழங்காலில் காயம்பட்டு, அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட பாரேசி, ஜூலை 17 அன்று அமெரிக்காவின் பசடேனாவில் நடந்த இறுதியாட்டத்தில் கொளுத்தும் வெயிலில் மீண்டும் களம் இறங்கினார். சக தடுப்பாட்டக்காரர் கோஸ்டகுர்டா தடையால் ஆட முடியாத அன்று, 34 வயதான அவரும் மால்தினியும் நடுக்காவலில் நின்று, பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோ, பெபெட்டோ இருவரையும் ஒரு கோல்கூடப் போட விடவில்லை. தசைப்பிடிப்பால் துவண்ட கால்களோடுதான் அவர் பெனால்டி அடிக்க வந்தார். அதை மட்டும் நினைவில் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், அநியாயம்.

உயரம் 176 சென்டிமீட்டர்தான். சிறுவயதில் இன்டர் மிலான் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. உயரக் குறையை அவர் முன்கூட்டியே கணித்து ஆடுவதால் ஈடுசெய்தார். 1987-இல் அவர் ஆடிவந்த ஏசி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கி, தடுப்பு வரிசையைக் கோலிலிருந்து வெகுதூரம் முன்னே நிறுத்தினார். எதிரணி வீரர் நெடும்பந்து அனுப்பக் காலை ஓங்கும் நொடியில் பாரேசி முன்னே வருவார், மற்ற மூவரும் அவரோடு நகர்வார்கள், அவர் கை மேலே உயரும், எதிரணியின் முன்கள வீரர் ஆஃப்சைடில் (பந்து அடிக்கப்படும் நொடியில் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நிற்கும் பிழையில்) மாட்டிக்கொண்டிருப்பார். (1990 வரை கடைசித் தடுப்பாட்டக்காரருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு என்பதால் இந்த வலை அன்று இன்னும் இறுக்கமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) கோல்காவலரும் நான்கு தடுப்பாட்டக்காரர்களுமான ஐவருக்கு எதிராகப் பத்துப் பேரை இறக்கி, முடிந்தால் கோல் போடுங்கள் என்று பயிற்சியில் சவால் விட்டதாகவும், அவர்களால் ஒன்றுகூடப் போட முடியவில்லை என்றும் சாக்கி கூறியிருக்கிறார், அந்த ஐவரை வழிநடத்தியவர் பாரேசி.

கேள்வி: மிலான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் விலகவில்லையாமே? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஆம். 1980-இல் சூதாட்ட ஊழலுக்குத் தண்டனையாகவும், 1982-இல் மோசமான ஆட்டத்தாலும் மிலான் இரு முறை கீழிறங்கியது. இரண்டாம் முறை இறங்கியபோது 22 வயதில் அணித்தலைவர் பொறுப்பை ஏற்றார். 1978 முதல் 1997 வரை மிலானுக்கு மட்டுமே 719 ஆட்டங்கள் ஆடி, 6 முறை இத்தாலிய லீக் பட்டத்தை வென்றார். 1989, 1990 ஆண்டுகளின் ஐரோப்பியக் கழகக் கோப்பைகளையும் அணித்தலைவராகவே ஏந்தினார். 1994-இல் அதே கோப்பைக்காக மிலான் பார்சிலோனாவை 4–0 என வீழ்த்திய இறுதியாட்டத்தை, தடை காரணமாக, வெளியிலிருந்துதான் பார்த்தார். அவர் ஓய்வுபெற்றபின் மிலான் 6-ஆம் எண் சட்டையை வேறு எவருக்கும் வழங்கவில்லை.