குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 43 வயது. லோடு வண்டி ஓட்டுகிறார். பல வருடமாகக் குடி. முதலில் சம்பள நாளில் மட்டும்தான். இப்போது காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் வண்டிச் சாவியையே எடுக்கிறார். முன்பெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டார். போன மாதம் கோயிலில் கயிறு கட்டிவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி ஃபிட்ஸ் வந்துவிட்டது. “நிறுத்தினதாலதான் வந்துச்சு” என்று சொல்லி இப்போது இன்னும் அதிகமாகக் குடிக்கிறார். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி கூரியரில் கிடைக்கிறதாமே, வாங்கலாமா? நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான் என்று மாமியார் கேட்கிறார். மகன் எட்டாவது படிக்கிறான். வாசலில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டாலே புத்தகத்தை மூடிவிடுகிறான்.

பதில்: சகோதரி, பொடியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

இப்படி விற்கும் பொடிகள் பலவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அட்டையில் இருக்காது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்டு, நாங்களும் எழுதித் தருகிறோம். மதுவை ஈரல் உடைக்கும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சாதாரணமாக அது உடனே கரைந்துவிடும். இந்த மாத்திரை உடலில் இருந்தால் கரையாது, ரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உயிரே போனவர்களும் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் இருக்கும். அதனால்தான் இதயத்தையும் ஈரலையும் பரிசோதித்து, எல்லாவற்றையும் விளக்கி, அவரே சம்மதித்த பிறகு மட்டும் இதைக் கொடுக்கிறோம். பொடியில் இதே மருந்து இருந்து, அதைத் தெரியாமல் சாம்பாரில் கலந்தால் அவர் வழக்கம்போல் குடிப்பார், வண்டியும் ஓட்டுவார். விஷயம் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சாப்பிடவே மாட்டார். பிறகு நாங்கள் கொடுக்கும் மருந்தையும் நம்பமாட்டார்.

அடுத்து அந்த ஃபிட்ஸ். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். நிறுத்தியதால்தான் வந்தது என்று உங்கள் கணவர் சொல்வது சரி. தினமும் மது மூளையை அமுக்கி வைக்கிறது. அதை ஈடுகட்ட மூளை எப்போதும் கூடுதல் வேகத்திலேயே இருந்து பழகிவிடுகிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிச்சமாக நிற்கும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்தில் இருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார்கள், போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை, தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம்.

கயிறு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை பலருக்கு முதல் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. கட்டுகிற அன்றே மருத்துவமனையில் சேருங்கள் என்கிறேன். அதுவரை பாட்டிலை ஒளித்து வைப்பது, ரூமில் வைத்துப் பூட்டுவது இரண்டும் கூடாது. உங்கள் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அங்கே மூளையின் அந்த வேகத்தைத் தணிக்கும் டயசிபாம் வகை மருந்தைக் கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும் என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அந்தச் சத்துக் குறைந்திருக்கும் குடிநோயாளிக்கு மூளையே பாதிக்கப்படலாம். எங்கே போனாலும் அவர் குடிப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாலை போட்ட காலத்தில் நிறுத்த முடிந்ததே, அப்படியானால் வேண்டுமென்றே குடிக்கிறாரா என்ற கேள்வி உங்கள் மனதிலும் இருக்கும். அப்போது உடம்பு அவ்வளவு தூரம் அடிமையாகவில்லை. இப்போது ஆகிவிட்டது. நோய் முற்றியதற்கு அந்த வித்தியாசமே சாட்சி. இனி மாலை போடுவதாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான்.

உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பரம்பரை, குடிக்கத் தொடங்கிய வயது, ராத்திரி பகல் பார்க்காத வேலை, கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் கடை என்று குடிநோய்க்குப் பல காரணங்கள் உண்டு. மருமகள் சமைத்ததும் பேசியதும் அதில் சேராது.

வரமாட்டேன் என்பவரை எப்படி அழைத்து வருவது? குடும்பத்தினருக்கு முதலில் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமாக நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முறை ஒன்றை அமெரிக்காவில் ஆய்வு செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் நோயாளி சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் கூடி உட்கார்ந்து நேருக்கு நேர் கேட்டு நெருக்கிய குடும்பங்களைவிட இது இரண்டு மடங்கு. அவர் போதையில் இருக்கும்போது எதுவும் பேச வேண்டாம். போதை இறங்கி, உடம்புக்கு முடியவில்லையே என்று அவரே வருந்தும் நேரத்தில் பேசுங்கள். “நீங்க சொன்னது சரிதாங்க, திடீர்னு நிறுத்தினதாலதான் ஃபிட்ஸ் வந்துச்சு. டாக்டரும் அதையேதான் சொல்றார். மருந்தோட நிறுத்தினா அந்தப் பயம் இல்லையாம்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டு அவர் பல நாளாகக் கேட்டிருக்க மாட்டார். முதலில் வலிப்புக்கு வைத்தியம் என்றே வரட்டும், குடிக்கு என்று சொல்ல வேண்டாம். வந்த பிறகு நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

குடிக்காமல் வருகிற நாளில் பக்கத்தில் உட்காருங்கள், அவருக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். குடித்துவிட்டு வந்தால் தட்டை மூடி வைத்துவிட்டு, பிள்ளையோடு படுக்கப் போய்விடுங்கள். முதலாளி போன் செய்தால் “காய்ச்சல்” என்று பொய் சொல்லாதீர்கள். குடிக்கடனை உங்கள் நகையை வைத்து அடைக்காதீர்கள். உங்கள் மனசு கேட்காது, தெரியும். ஆனால் அவர் குடியின் விலை அவருக்கே தெரியட்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது, பிள்ளை அந்த வண்டியில் ஏறக் கூடாது.

அவர் கைநீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடி இருந்தால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம். அன்றே பிள்ளையோடு வேறு வீட்டுக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் பேசலாம். குடிபோதையில் அடித்தாலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

வேனில் வந்து தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்துத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லும் மையங்களுக்குச் சம்மதிக்காதீர்கள். பதிவு பெற்ற மையமா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. நல்ல மையம் என்றால் உங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும்.

அவர் வருவதற்கு முன்பே நீங்கள் வரலாம். தூக்கம் இல்லை, எரிச்சல், தலைவலி என்றால் அதே மனநலப் பிரிவில் உங்கள் பெயரில் சீட்டு போடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குடிப்பவர்களின் வீட்டாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அதே அவஸ்தையில் இருந்த பெண்கள் அங்கே இருப்பார்கள்.

மகனிடம் மறைக்க ஒன்றும் இல்லை, அவன் பைக் சத்தத்திலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறான். “அப்பாவுக்கு ஒரு நோய். நீயும் நானும் காரணம் இல்லை. சரிபண்ண வேண்டியதும் உன் வேலை இல்லை” என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டிலைக் கொட்டவும் அப்பாவைக் கடையிலிருந்து கூட்டி வரவும் அவனை அனுப்பாதீர்கள். ராத்திரி படிக்க அத்தை வீடோ பக்கத்து வீடோ ஒன்றை இந்த வாரமே பேசி வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குடிநோய்க்கு ஆளாவதில் ஏறக்குறைய பாதி பங்கு பரம்பரையைச் சேர்ந்தது. அதனால் இன்னும் இரண்டு வருடத்தில் அவன் வயதுப் பையன்கள் முதல் பீரை நீட்டும்போது, தனக்கு அது மற்றவர்களைவிட ஆபத்து என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.