எடுப்பதற்கு முன் வரையட்டும்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொல்லியல் சங்கம் நடத்துகிறோம். மாதம் ஒரு சொற்பொழிவு வைக்கிறோம், வருவது எப்போதும் அதே முகங்கள்தான். இளைஞர்களை எப்படி வரவைப்பது?

பதில்: பேச்சைக் குறைத்து, வருகிறவர்கள் கைக்கு வேலை கொடுங்கள். அகழாய்வு முடிந்ததும் பானை ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, எண் எழுதி, விளிம்பு, கழுத்து, அடிப்பாகம் என்று பிரிக்கிற வேலை ஏராளமாகப் பாக்கி இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் யாரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அகழாய்வு நடத்தும் துறையிடமோ பல்கலைக்கழகத்திடமோ போய், உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சின்ன விளிம்புத் துண்டு ஒன்றின் வளைவை வைத்து, முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று ஒருவர் தானே அளந்து கண்டுபிடித்துவிட்டால், அடுத்த மாதம் கூப்பிடாமலே வருவார்.

கேள்வி: மணல் தொட்டியில் பொருட்களைப் புதைத்துவைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி அகழாய்வு நடத்தினோம். கடைசியில் அது புதையல் வேட்டை ஆகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், தொட்டியை மாற்றுங்கள். ஒரே மணலில் பத்துப் பொருள் கிடந்தால் யார் முதலில் எடுப்பது என்றுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. நிறம் வேறுபடுகிற மூன்று மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டுங்கள். மேலடுக்கில் இந்தக் காலத்துப் பொருள், கீழே போகப் போகப் பழையது. அப்புறம் மேலடுக்கிலிருந்து அடிவரைக்கும் ஒரு குழி வெட்டி, அதில் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் போட்டு, மேல்மண்ணாலேயே மூடிவிடுங்கள். அடியில் கிடந்தும் இது ஏன் புதுசு என்று பிள்ளைகள் குழம்புவார்கள், பிறகு குழியின் மண் நிறத்தைக் கவனித்து அவர்களே விடையைச் சொல்வார்கள். மண்ணடுக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த அளவுக்குப் புரியவைக்க முடியாது.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்: இடம், ஆழம், அடுக்கு மூன்றையும் கட்டம் போட்ட தாளில் குறித்து, படம் வரையாமல் எதையும் எடுக்கக் கூடாது. கொஞ்சம் கரித்துண்டும் போட்டுவையுங்கள். கரியில் இருக்கும் கதிரியக்கக் கரிமம் (கார்பன்-14) பாதியாகக் குறைய ஏறக்குறைய 5,730 ஆண்டுகள் ஆகும், அதை வைத்துத்தான் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை காலம் கணிக்கிறார்கள், ஆனால் எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத கரிக்கு அந்தக் கணிப்பால் ஒரு பயனும் இல்லை என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிகம் என்று நினைக்காதீர்கள். 1879ல் ஸ்பெயினின் அல்தமிரா குகையில் அப்பா தரையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, மேலே பார்த்துக் கற்காலக் காட்டெருமை ஓவியங்களைக் கண்டது அவருடைய 8 வயது மகள். அறிஞர்கள் அவற்றின் பழமையை ஏற்றுக்கொள்ளவே 1902 வரை ஆனது.

கேள்வி: நிலத்தில் கிடைத்ததை மக்கள் எங்களிடம் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கிவைத்துக் காட்சிக்கு வைக்கலாமா?

பதில்: உங்கள் அலமாரியில் சேர்க்கத் தொடங்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் இதற்குச் சட்டம் உண்டு, உரிய துறைக்குத் தெரிவிப்பதுதான் முறை. பொருளைவிட முக்கியமானது அது கிடந்த இடம். கொண்டுவந்தவரிடம் எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று அன்றைக்கே கேட்டு எழுதி, புகைப்படம் எடுத்துவையுங்கள். இங்கிலாந்தில் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவுசெய்ய 1997ல் தொடங்கிய திட்டத்தில் இதுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. முக்கியமாக, அடுத்த முறை எதையாவது பார்த்தால் எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய கல்விப் பணி இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பழைய இடங்களுக்கு மக்களைக் கூட்டிப்போனால் அந்த இடம் கெடாதா?

பதில்: கெடலாம். பிரான்ஸில் 1940ல் கண்டுபிடித்த, கற்கால ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்று ஓவியங்களைப் பாதித்ததால், 1963ல் பொதுமக்களுக்கு மூடவேண்டி வந்தது. திறந்தவெளி இடம் என்றால் சின்னக் குழுவாகப் போங்கள், இருக்கிற பாதையிலேயே நடங்கள், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்க யாரையும் விடாதீர்கள். சாயங்காலச் சாய்வெயில் எழுத்தைத் தானாகவே எடுத்துக்காட்டும், அந்த நேரம் பார்த்துக் கூட்டிப்போங்கள். வெயில் இல்லாத நாள் என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.