கெங்கம்மாள் என்று பெயர் வைத்தது தப்பா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 29 வயது. பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது வேலூர் சத்துவாச்சாரி. நான்கு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. என்னை வளர்த்த பாட்டி, எங்கள் ஆயாவின் பெயரையே, கெங்கம்மாள் என்று, அவளுக்கு வைத்தேன். அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது.

யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். "இந்தக் காலத்துல யாராவது இப்படி வைப்பாங்களா?" என்கிறாள் நாத்தனார். கூட வேலை பார்த்த தோழி போனிலேயே சிரித்தாள். "எங்க பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மாமியார் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வயதானவர் யாராவது எழுந்து வருகிறாரா என்று பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது.

எங்கள் ஆயா லேசுப்பட்ட மனுஷி இல்லை. குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழா அன்றைக்குப் பிறந்ததால் அந்தப் பெயர். வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே என்னை வளர்த்தது. பசைக் கையோடுதான் எனக்குத் தலை வாரிவிடும். பள்ளிக்கூடம் போவதற்குள் பின்னல் காய்ந்து விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காசில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். அப்படிப்பட்டவரின் பெயர் இவர்களுக்குக் கேலியா? நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஆயா போய்ச் சேர்ந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியாரும் கணவரும் நிறுத்திவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு அக்கா கூட, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்கிறார். நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப்பில் 'பாட்டிம்மா' என்று போட்டு குழந்தை படத்தை அனுப்புகிறாள்.

என் கணவர் நல்லவர். ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை. இதில் அவர் எதுவும் பேசுவதில்லை. பிரசவம் தாய் வீட்டில் இருந்து பார்த்ததால், 22-ஆம் நாளே தம்பியிடம் தாளைக் கொடுத்து அனுப்பி நகராட்சியில் பெயரைச் சேர்த்துவிட்டேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு "சரி" என்றார், அவ்வளவுதான். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் நடு ராத்திரி வேலை முடிந்து வந்து, நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "யாழினி, யாழினிக் குட்டி" என்று மெதுவாகக் கொஞ்சிக்கொண்டிருந்தார். நான் அசையாமல் படுத்திருந்தேன். சரி, அது போகட்டும்.

கேலி பேசுகிறவர்கள் வாயை அடைக்க என்ன சொல்ல வேண்டும்? பெயர் வைத்தது தப்பா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அது போகக் கூடாதம்மா. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ராத்திரியைத்தான். ஒரு தகப்பன், சொந்த வீட்டில், சொந்த மகளை, மனைவி தூங்கிவிட்டாள் என்று உறுதி செய்துகொண்டு இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாத்தனாரின் வாட்ஸ்அப் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதலில் உங்கள் கேள்வியை முடித்துவிடுகிறேன். பெயரில் ஒரு தப்பும் இல்லை. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான். மூத்தவர்கள் பெயரைத் தாங்கி வருகிறவள் என்பதால் அப்படிச் சொன்னார்கள். நம் மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. இன்றும் பெரியவர்கள் வாயில் வட ஆற்காடுதான் வருகிறது. பழைய பெயர் அவ்வளவு சுலபத்தில் போகாது. கேலி செய்கிறவர்களுக்கு ஆறு மாதத்தில் அலுத்துவிடும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மாமியார் சொன்னதை நீங்கள் கேலிப் பேச்சோடு சேர்த்துவிட்டீர்கள். பழைய பெயர் என்று அவர் சொல்லவே இல்லையே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். அது நியாயமான வருத்தம். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்தால், பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லாமல் ஓராண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கு 22 நாள் போதுமாக இருந்திருக்கிறது. குழந்தையின் அப்பாவுக்கு அந்தப் பெயர் சான்றிதழில்தான் தெரிய வந்திருக்கிறது. அவர் சொன்ன "சரி"யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் அவ்வளவு அவசரம்? அதற்கான பதிலையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "அது வேறு விஷயம்" என்று. வேறு விஷயம் இல்லை. உங்களை வளர்த்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சாவு வீட்டுக்கு அனுப்பாதது நம் பக்கத்து வழக்கம். அவர்கள் பயந்துதான் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் உங்களுக்கு உள்ளே வெந்துபோயிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் மகள் பிறந்தாள். அன்று உங்களைக் கேட்காமல் அவர்கள் முடிவு செய்தார்கள், இன்று அவர்களைக் கேட்காமல் நீங்கள் முடிவு செய்தீர்கள். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். நீங்கள் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

ஆயாவுக்காக நீங்கள் அழ வேண்டிய அழுகை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் பச்சைக் குழந்தையின் பெயர் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். அதனால்தான் யாராவது அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்தால் ஆயாவின் பிணத்தைப் பார்த்துச் சிரித்ததுபோல் உங்களுக்கு வலிக்கிறது. சிரித்தவர்களுக்கு அது தெரியாது. உங்கள் கணவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. மூத்தவர் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட வாய் வராது என்று வீட்டில் வேறு பெயரால் கூப்பிடுவது நம் குடும்பங்களில் எப்போதும் இருந்ததுதான். கெங்கம்மாளும் யாழினியும் ஒரே தொட்டிலில் இருக்கலாம். ஆனால் யாழினி என்பது அவருக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மனதில் வைத்திருந்தாரோ, இல்லை சும்மா காதுக்குப் பிடித்ததோ. உங்களுக்கு ஓர் ஆயா இருந்ததுபோல அவருக்கும் ஏதாவது இருக்கும்.

அவருக்கு விடுப்பு உள்ள நாளில் கேளுங்கள். "அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை" என்று ஆரம்பியுங்கள், அது போதும். அவர் பேசி முடிக்கும்வரை ஆயாவை நடுவில் இழுக்காதீர்கள். அப்புறம், அன்று போக விடாதது எவ்வளவு வலித்தது என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். அந்த விறைத்த பின்னலைப் பற்றி எனக்கு எழுதினீர்களே, அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

வைகாசி 1-ஆம் தேதி சிரசுக்குக் குழந்தையோடு இரண்டு பேரும் போங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். கூட்டம் குறைந்த பிறகு ஆயா இருந்த தெருவுக்கு அழைத்துப்போய், எந்த வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியது என்று காட்டுங்கள்.