சாதிக் கொடுமை இனவெறி ஆகுமா?

கேள்வி: சாதிக் கொடுமையும் இனவெறிதான் என்று சிலர் சொல்ல, இரண்டும் வேறு என்று வேறு சிலர் மறுக்கிறார்களே, எது சரி? (மதுரை வாசகர்)

பதில்: ஒரே சொல்லை இரு தரப்பும் இரு பொருளில் ஆள்வதால் வரும் வழக்கு இது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதி என்பது இனம் அன்று, ஆகவே அதை அங்கே பேசக்கூடாது என்று இந்திய அரசு வாதிட்டது. பிறப்பைக் காட்டி ஒருவரை இழிவாக நடத்துவதும் இனவெறியில் அடங்கும் என்றன தலித் அமைப்புகள். உடற்கூற்றளவில் அரசு சொன்னது தவறில்லை. சாதிகள் தனித்தனி இனங்கள் என்ற கோட்பாட்டை அம்பேத்கரே மறுத்திருக்கிறார். ஆனால், தேநீர்க் கடையில் தனக்கென ஒதுக்கிய குவளையில் குடித்துவிட்டு, அதைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்த மனிதருக்கு இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்? 1965-ல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவே இனம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி'யையும் சேர்த்துச் சொல்கிறது. அச்சொல்லில் சாதியும் அடங்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002-ல் விளக்கியது. அந்த விளக்கமே நியாயம் என்பது என் கருத்து. 2007-ல் அதே குழுவின் முன் இந்தியா பழைய நிலைப்பாட்டையே திரும்பச் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.